கதவு டி டிரைவில் இருக்கிறது

வெளியிலிருந்து வந்த கோப்பு தன்னிடம் உள்ளதை மட்டும் வைத்துத் திறக்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் திறப்பார் கிளெனிஸ். கழுத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. மூக்கில் மட்டும் எதுவும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் உள்ள படகு வடிவமைப்பு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இதே சடங்கு.

படகின் வரைபடம் ஒரே கோப்பாக வருவதில்லை. யாருடைய மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் ஒரு தாய்க்கோப்பு வரும். அதற்குள் கதவின் படம் இந்த ஃபோல்டரில், ஏணியின் படம் அந்த ஃபோல்டரில் என்று முகவரிகள் இருக்கும். அனுப்பியவர் தன் கம்ப்யூட்டரின் முகவரியையே எழுதிவிட்டால், வாங்கியவருக்குப் பட்டை நாமம்தான்.

"இங்க நல்லாத்தானே தெறக்குது!" என்பார் நியூகாசிலிலிருந்து வரைபடம் அனுப்பும் ராஸ்.

"உன் வீட்டுல தெறக்கும்யா. கறி வச்சுச் சுட்ட மீட் பையை அனுப்பிட்டு, தொட்டுக்கிற சாஸ் உன் ஃப்ரிட்ஜுல இருக்குன்னா நான் எப்படித் திங்கிறது?"

வருவதை இப்படிச் சல்லடை போட்டுச் சலிக்கும் கிளெனிஸ், தான் அனுப்புவதைத் திறந்து பார்ப்பதே இல்லை. "நான் கட்டின மூட்டையை நானே பிரிக்கணுமா?"

போன வியாழக்கிழமை அவர் கட்டிய மூட்டை ஃபிஜித் தீவின் சுவாவுக்குப் போனது. வெளித்தீவுப் பிள்ளைகளுக்கான பள்ளிப் படகு அது. தகடு வெட்டும் இயந்திரம் அன்று நான்கு மணிவரைதான் அங்கே படகு கட்டுபவர்களுக்குக் கிடைத்திருந்தது. விட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அதற்குள் பள்ளி திறந்துவிடும். சுவாவில் மணி மூன்றடித்தபோது, இயந்திரத்தை ஓட்டும் செரெயானா தொலைபேசியில் வந்தாள்.

"கிளெனிஸ்மா, பிள்ளைங்க ஜன்னல் வழியாக் குதிச்சு ஏறணுமா?"

"என்னடி சொல்ற?"

"படகுக்குக் கதவே இல்ல. அது உங்க கம்ப்யூட்டரோட டி டிரைவ்ல, 'கிளெனிஸ் சொந்தம்'னு ஒரு ஃபோல்டர்ல இருக்காம். எடுத்துட்டு வர ஆள் அனுப்பட்டுமா?"

"இங்க தெறக்குதே…" என்று தொடங்கிய வாய் பாதியில் மூடிக்கொண்டது. பக்கத்து மேசையில் யாரோ தேவையில்லாமல் இருமினார்கள்.

"வெட்டிடாதே. இரு" என்றார் கிளெனிஸ்.

இருபத்தாறு முகவரிகள். ஒவ்வொன்றிலும் டி டிரைவை அழித்து, கூடவே வரும் படத்தை எடுத்துக்கொள் என்று மாற்றி, எல்லாப் படங்களையும் தாய்க்கோப்போடு சேர்த்துக் கட்டினார். அனுப்பியபோது சுவாவில் நான்காக இருபது நிமிடம்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"கதவு?"

"இருக்கும்மா, இருக்கு. மெஷினைப் போடறேன், ஃபோனை வைங்க."

அவர் வைக்கவில்லை. ஏதோ கேட்க உள்ளே வந்த மேலாளர் டேலை, திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தி நிறுத்தினார். கடலுக்கு அப்பால் இரும்பு சீறிக்கொண்டிருந்தது. வெட்டிய கதவுத்துண்டு டணாரென்று தரையில் விழும்வரை, தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி, அவர் நின்றுகொண்டே இருந்தார்.