அருவியில் போன அத்தை

கல்லூரிப் படிப்பை முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்த நாட்களில் நாங்கள் மூன்று பேர் சிலோனுக்குப் போய்வந்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. ஒருவன் சுரண்டைக் கடைக்காரர் மகன், வாய் ஓயாது. இன்னொருவன் தென்காசியில் எங்கள் தெருவே, நூறு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவான். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களிடம் கேட்டு மூன்று காக்கித் தோள்பைகள் வாங்கி, அவலும் கருப்பட்டியும் நிரப்பிக்கொண்டோம். முடிந்தவரை நடப்பது, கோயில் மண்டபங்களில் படுப்பது என்று ஏற்பாடு.

புறப்படும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். “எங்கன வேணும்னாலும் போ. ஆத்துல அருவியில மட்டும் இறங்காத.”

அது எங்கள் வீட்டுப் பயம். நான் பிறந்த வருஷம், சாரல் காலத்தில், அப்பாவின் தங்கை குற்றாலத்தில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். அருவியில் திடீர் வெள்ளம் வந்திருந்தது. பாறைமேல் அவளுடைய மாற்றுச் சேலை மட்டும் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். எங்கள் வீட்டு உள்ளறையில் அவளுக்கு ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. ஒவ்வோர் ஆடியிலும் அதில் புதுச் சிற்றாடையும் வளையலும் வைத்துப் படைப்போம். சித்திமேல் அத்தை இறங்கி, “குளிருதே, குளிருதே” என்று அழுவாள். அருவித் தண்ணீர்தான் இன்னும் அவளைக் குளிரவைக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

மண்டபம் முகாமில் ஊசி போட்டு, பெயர் பதிந்து அனுப்பினார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினோம். கண்டிவரை ரயில். அதன்பிறகு சிவனொளிபாத மலையைப் பார்த்து நடந்தோம். பாதையின் இரண்டு பக்கமும் தேயிலை. பகலிலேயே மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவனின் பை மட்டும் தெரியும்.

ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் ஒதுங்கினோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு பெண் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏலே, பை நனையுது, உள்ள தள்ளு” என்று சுரண்டைக்காரன் கத்தினான்.

தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு அவள் திரும்பினாள். “எந்த ஊரு தம்பி?”

“எனக்குச் சுரண்டை. இவுக ரெண்டு பேரும் தென்காசி.”

“தென்காசியில எங்கன?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“கோயிலுக்கு மேக்க.”

“வாசல்ல நாரத்தை மரம் நிக்குமே, அந்த வீடு தெரியுமா?”

“அது எங்க வீடுதான்.”

அவள் பக்கத்தில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஒங்க அப்பாவுக்கு எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கா?”

நான் தலையசைத்தேன்.

“ஊஞ்சல்லேருந்து நாந்தான் தள்ளிவிட்டேன்.” குரல் இறங்கியது. “குத்தாலத்துல அருவியில போனாள்லா? அவ நாந்தான்.”

அப்பாவின் மூக்கும் தாடையும் அந்தக் கம்பளிக்குள்ளிருந்து பார்த்தன. தெருக்கார நண்பன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

நிச்சயித்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. இருட்டோடு குளிக்கப் போவதாகக் கிளம்பி, மாற்றுச் சேலையைப் பாறைமேல் போட்டுவிட்டு, சுரண்டைப் பக்கத்துத் தையல்காரர் ஒருவரோடு அன்றைக்கு விடியுமுன் ரயில் ஏறிவிட்டாள். வெள்ளம் வந்ததும், அதில் அவள் போய்விட்டதாக ஊர் நம்பியதும் வெகுநாள் கழித்து ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவர் கீழ்க் கடைவீதியில் தைக்கிறார், இரண்டு பெண்பிள்ளைகள். எல்லாவற்றையும் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“தேடுனாகளா?” என்று கேட்டாள்.

“தேடுனாகளாம். பொறவு...” தோள்பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டேன். “ஒங்களக் கன்னியா வச்சுக் கும்பிடுதோம். வருசா வருசம் சிற்றாடை வைப்போம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன கலரு?”

“பச்சை.”

“அண்ணன் மறக்கல,” என்றாள். ஒரு குழந்தை அழுதது. தொட்டிலை ஆட்டப் போனாள்.

மழை விட்டதும் எங்களுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தந்தாள். “சொல்லுததும் சொல்லாததும் ஒன் இஷ்டம்” என்று என் தலையைத் தொட்டாள். கை குளிர்ந்திருந்தது. நாங்கள் மலை ஏறவில்லை. மூவரும் பேசிவைத்ததுபோல ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தோம்.

அந்த ஆடியில் பெட்டிக்கு முன்னால் எல்லோருடனும் நின்றேன். அம்மா பச்சைச் சிற்றாடையை விரித்தாள். சித்தி தலைமுடியை அவிழ்த்துப்போட்டு ஆடினாள். “குளிருதே!” என்றாள். உடனே மூடுபனியும் கம்பளியும் என் கண்முன் வந்தன. உடம்பு நடுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

“மகன்மேல வந்துட்டா! திருநீறு கொண்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள். முகமெல்லாம் திருநீறு. அத்தை என் வாயால் ஆசீர்வதிப்பாள் என்று பெண்கள் என்முன் குனிந்து கும்பிட்டார்கள்.

அப்பா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். “என்னலே ஆச்சு?”

சொல்லிவிட்டேன். கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்தார். “மெலிஞ்சிருக்காளா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. நல்லா இருக்காக.”

உள்ளே சித்தி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். “இவ்வளவு பேரு விழுந்து கும்பிட்டாச்சு” என்றார் அப்பா. “இனி எப்பிடி அவளக் கூட்டிட்டு வந்து இந்த வீட்டுல சோறு போட? நீ யார்ட்டயும் சொல்லாத.” முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்கு முன்னால் மற்றவர்களோடு விழுந்து கும்பிட்டார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

சில வருஷங்களில் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்புவதாகச் செய்தி வந்தது. சிலோன்காரர்கள் யாராவது வந்திறங்கியதாகக் கேள்விப்பட்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். எதற்கென்று அம்மா கேட்டால், “சும்மா” என்பார். அத்தை வரவில்லை. நான் எழுதிப் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அப்பா போன பிறகு படையல் என் பொறுப்பாயிற்று. அத்தை இருக்கிறாளா, இல்லையா, தெரியாது. ஆடியில் சிற்றாடையை விரிக்கும்போது அறைக்குள் யாரோ நின்று பார்ப்பதுபோல இருக்கும். விரித்துவிட்டுச் சட்டென்று வெளியே வந்துவிடுவேன்.