தெர்மாமீட்டரின் விரல்

படகுத்துறையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் தெர்மாமீட்டர். ஜெட் போட்டின் இன்ஜின் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குடித்த தண்ணீர் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அதில் விரலை நீட்டி, "வெதுவெதுன்னு இருக்கு, போகலாம்" என்று மெக்கானிக்கான அவர் சொன்னால்தான் படகு கிளம்பும். சூடு காட்டும் மீட்டரின் முள் எப்போதோ படுத்துவிட்டது. "நம்ம தெர்மாமீட்டர் இருக்கும்போது அது எதுக்கு?" என்று முதலாளி சிரித்து மழுப்பிவிட்டார். அதில் இவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. மனுஷன்தானே.

"என்ன தெர்மாமீட்டர், போட் ஒண்ணுக்குப் போச்சா?" என்பதுதான் துறையில் காலை வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன்பே சர்க்கரை நோய் அவர் விரல்களை மரத்துப்போக வைத்துவிட்டது. முதலில் சட்டைப் பொத்தான் போக்குக் காட்டியது. பிறகு ஒருநாள் கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு அவர் பாட்டுக்கு நிற்க, மனைவி அலறினாள்.

"சுடலையா உங்களுக்கு?"

"சுட்டுச்சு, சுட்டுச்சு. கத்தாதே."

"பொய் சொல்லாதீங்க. என் தம்பிகிட்ட சொல்லிடவா?"

"சொன்னா நாளைக்கே என்னை வீட்டுல உக்கார வெச்சிடுவாங்க. வாயைத் திறக்காதே."

அந்தத் தம்பிதான் படகு ஓட்டுகிறவன். இவர் சொல்லை நம்பி ஆற்றில் இறங்குகிறவன். அன்றிலிருந்து இவர் தண்ணீர் பாய்வதைக் கண்ணால் பார்ப்பதோடு சரி, விரலை ஒப்புக்குத்தான் நீட்டினார். ஒவ்வொரு படகும் திரும்பும்வரை துறையை விட்டு நகரமாட்டார். திரும்பியதும், பார்த்தாயா ஒன்றும் ஆகவில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வார். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

அன்று மைத்துனன் முன்கூட்டியே சொன்னான்: "மணல்ல உரசிட்டு வந்தேன் மாமா. தண்ணி போற வழி அடைச்சிருக்கலாம், நல்லா பாருங்க."

தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. விரலை வைத்தார். ஏதாவது தெரியாதா என்று அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். படகில் ஒரு குடும்பம், குழந்தைகளோடு, கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தது.

"வெதுவெதுன்னு இருக்கு. போகலாம்."

படகு பறந்தது. கையைத் துடைக்கத் துணியை எடுத்தவர் அப்போதுதான் பார்த்தார். விரல் நுனி செக்கச் சிவந்து, கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. வளைவைத் தாண்டினால் பாறைகள். ஜெட் போட் ஓடுவதும் திரும்புவதும் இன்ஜின் பீய்ச்சுகிற தண்ணீரால்தான்; இன்ஜின் நின்றால் திருப்பவும் முடியாது. வாக்கி-டாக்கியை எடுத்தார். அதில் பேசுவது முதலாளி முதல் டிக்கெட் கொடுக்கிற பெண் வரை எல்லாருக்கும் கேட்கும்.

"மாப்ள, இன்ஜின்ல ஏதோ சத்தம் கேட்டுச்சு. கரைக்கு வா."

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா. வளைவு வரைக்கும் போயிட்டு வந்துடறேன், இல்லேன்னா இவங்க சண்டைக்கு வருவாங்க."

"வேணாம்டா!"

"நீங்கதானே பாத்துட்டு அனுப்பினீங்க?"

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

"பாக்கல. என் கைக்குச் சூடு தெரியறதில்ல. விரல் வெந்துபோச்சு, அதுகூட எனக்குத் தெரியல. கரையில ஒதுக்குடா, கெஞ்சிக் கேக்கறேன்."

மைத்துனன் படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

கரையில் ஒதுங்குவதற்கும் இன்ஜின் இறுகி நிற்பதற்கும் சரியாக இருந்தது. இன்னொரு படகு போய் எல்லாரையும் ஏற்றி வந்தது. குழந்தைகளைக் கண்ட பிறகுதான் அவரால் உட்கார முடிந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் சரி என்று காத்திருந்தார்.

மைத்துனன் திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தான். அழுத்தியும் பார்த்தான். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"எப்போலேருந்து மாமா?"

"மழைக்கு முன்னாடியே."

அவன் கையை விட்டுவிட்டான்.

"அப்போ போன வாரம் என் பொண்ணை போட்ல கூட்டிட்டுப் போனேனே? நீங்கதானே தூக்கி உக்கார வெச்சீங்க?"

"ஆமா," என்றார் அவர்.