சாத்தே ஆறுவதற்குள்

போன வாரம் பேரப்பிள்ளைகள் என்னை ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். இந்த வயதில் உமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். மற்றவர்களின் பைகளைக் காப்பதுதான் வேலை. வாசலில் நின்ற காவல்காரத் தம்பி என் கையிலிருந்த டப்பாவைக் கண்டுவிட்டார். மருமகள் அப்போதுதான் பொரித்துக் கொடுத்த உருளைக்கிழங்கு போண்டா.

"அங்கிள், வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக முடியாது லா."

"யாருப்பா சொன்னது?"

"போர்டுல எழுதியிருக்கு அங்கிள்."

ரயில்வே அலுவலகத்தில் ஆயுளில் பாதியை விதிமுறைகளோடு குடித்தனம் நடத்திக் கழித்தவன் நான். பலகையில் எழுதியதெல்லாம் விதியாகிவிடாது. அதைப் போட்டவர் யார், எந்த அதிகாரத்தில் போட்டார், மறுப்பவன் யாரிடம் போய் மறுப்பது என்பதெல்லாம் தெரிய வேண்டும். இதை விளக்கத் தொடங்கியதும் பேத்தி தன் செருப்பைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். தம்பி மேலதிகாரியை அழைக்கப் போனார். அப்போதுதான் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து அந்தப் புகை வந்தது. கரி, மஞ்சள், கருகிய எண்ணெய். யாரோ குச்சியில் இறைச்சியைக் குத்தி சாத்தே சுடுகிறார்கள்.

அந்த வாசனை என்னை எங்கே கொண்டுபோய் இறக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் நான்கு பேர். அண்ணன் பெரிய கிராணி, அதாவது எழுத்தர்களுக்கெல்லாம் மேலே இருந்த எழுத்தர். நான் புதிதாகச் சேர்ந்த சின்னக் கிராணி. அப்புறம் அண்ணி, கிள்ளானிலிருந்து வந்த என் புது மனைவி மரகதம். வீட்டின் சாப்பாட்டு முறை மிக எளியது. ஆண்கள் முதலில் சாப்பிடுவோம். பிறகு அண்ணன் வெற்றிலை போடுவார், பத்திரிகை படிப்பார், வேலைக்கோ தூக்கத்துக்கோ போவார். அதற்கப்புறம் பானையில் இருப்பது பெண்களுக்கு. நான் வகுத்த முறையல்ல. ஆனால் எனக்கு அதில் குறையும் இருந்ததில்லை. முதல் பந்தியில் இருப்பவனுக்குப் பந்தி முறை எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

அண்ணி சூடாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மரகதம் வந்த சில நாளிலேயே இதைக் கண்டுபிடித்தாள். "அக்கா சமைக்கிறது ஊருக்கெல்லாம் சூடா இருக்கு, அக்காவுக்கு மட்டும் இல்ல" என்று என்னிடம் முணுமுணுத்தாள். அண்ணனிடம் அவள் நேரே பேசுவதில்லை. அதுவும் ஒரு முறை.

தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் எங்களைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். கோலாலம்பூரின் மின்விளக்குகளில் பாதி அங்கேதான் எரிந்தது என்று சொல்லலாம். குடைராட்டினம், குத்துச்சண்டை மேடை, வளையம் எறியும் கடை. காசு கொடுத்துப் பெண்களோடு ஆடும் ஜோகெட் நடன மேடை வந்தபோது அண்ணன் எங்களை வேகமாக நடக்கச் சொல்லிவிட்டுத் தாம் மெதுவாக நடந்தார். சாத்தே கடைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் நல்ல பசி.

கடை என்றால் ஒரு கரியடுப்பு, அதைச் சுற்றி மூன்று முக்காலிகள், ஓலை விசிறியோடு ஒரு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர். எலுமிச்சைப் புல்லின் தண்டை நசுக்கி, அதையே தூரிகையாக்கிக் கோழித் துண்டுகளுக்கு எண்ணெய் தடவுவார். கடலைக் குழம்பு பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும். சாத்தே வெந்த கையோடு, முக்காலியில் இருப்பவன் கைக்குக் குச்சி வந்துவிடும்.

அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். பெண்கள் பின்னால் நின்றார்கள். அண்ணன் வீட்டு முறையைக் கரியடுப்புக்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் சுட்டு வைக்கும்படியும், நாங்கள் சாப்பிட்ட பிறகு மீதியைப் பெண்களுக்குக் கொடுக்கும்படியும் மலாயில் சொன்னார்.

பாக்சிக் விசிறியை நிறுத்தினார். "சேஜோக் தக் செடாப், துவான்." ஆறினால் ருசியில்லை, ஐயா. அவர் கடையில் மீதி என்று ஒன்று கிடையாது.

அண்ணன் மறுபடி அதிகாரமாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மரகதம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வாங்க. நீங்களும் உக்காருங்க. இது ஒண்ணும் பானைச் சோறு இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னடா இது? ஊரே பாக்குது. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை."

"கடைக்கு வந்தா கடையோட முறைண்ணே. உக்காந்தவங்களுக்குத்தான் தருவாரு."

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"நீங்க கத்துக்கொடுத்ததுதானேண்ணே."

நான் எழுந்து என் முக்காலியை அண்ணியின் பக்கம் நகர்த்தினேன். அண்ணி அசையவில்லை. கணவரின் முதுகையே பார்த்தார். அண்ணி அன்று உட்காராமல் போனால், மரகதம் அந்த வீட்டில் தனியாள். அது எனக்குப் புரிந்தது. மரகதத்தின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது முன்பே புரிந்திருந்தது தெரிந்தது. பாக்சிக் மட்டும் ஒன்றும் புரியாதவர்போல இரண்டு குச்சிகளை நீட்டி, "மக்கான், மக்கான்" என்று சாப்பிடச் சொன்னார்.

அண்ணி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு துண்டைக் கடித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"சுடுதுடி!" என்றார் மரகதத்திடம். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "சுடுதுடி, என்னமா சுடுது!"

அண்ணன் எழுந்து குத்துச்சண்டை பார்க்கப் போனார். காலியான முக்காலியில் நான் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் மூவரும் சாப்பிட்டதைப் பார்த்துப் பாக்சிக் இன்னொரு கூடை கரி கொட்டினார்.

மறுநாள் மதியம் மரகதம் நான்கு தட்டுகளையும் ஒன்றாக வைத்தாள். அண்ணி வந்து உட்கார்ந்தார். அண்ணன் தம் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். ஆனால் குழம்புச் சட்டி முன்னறைக்குப் போகவில்லை. சில நாள் எழுந்து எழுந்து வந்து ஊற்றிக்கொண்டார். பிறகு தட்டோடு திரும்பி வந்துவிட்டார்.

அந்தப் பூங்கா இருந்த இடத்தில் இப்போது குளிர்சாதனம் போட்ட கடைகள். குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். பாக்சிக் போனார், அண்ணன் போனார், அண்ணி போனார். எல்லோருக்கும் பின்னால் மரகதமும் போய்விட்டாள்.

காவல்காரத் தம்பி திரும்பி வந்தார். டப்பாவை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, வெளியே வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"அதுக்குள்ள ஆறிடும், தம்பி."

"ரூல்ஸ் அங்கிள்."

நான் வாசலுக்கு வெளியே இருந்த திண்டில் உட்கார்ந்தேன். அந்த இடம் அவர்கள் பலகைக்கு உட்பட்டதல்ல என்று உறுதி செய்துகொண்டேன். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. முதல் போண்டாவைப் பேத்தியிடம் கொடுத்தேன்.

"தாத்தா, சுடுது!" என்று அவள் கத்தினாள். காவல்காரத் தம்பி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.