அம்மை குத்துகிறவளுக்கு வந்த அம்மை

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் அம்மை குத்தும் வேலையில் இருந்தாள். கல்கத்தாவிலிருந்து வரும் தோணிக்காரர்களுக்கும் மூட்டை சுமப்பவர்களுக்கும் குத்துவாள். எட்டாம் நாள் போய், குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். எழும்பாவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

ஒருநாள் அவர்களோடு தனக்கும் குத்திக்கொண்டாள். எட்டாம் நாள் காலையில் கையைக் காட்டினாள். எழும்பவில்லை.

"மறுபடி குத்தணுமாப்பா?"

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். "சின்னப்பிள்ளையில குத்துனது இன்னும் வேலை செய்யுதுளா. அதான் எழும்பல. ஒனக்கு எதுக்கு?" என்றேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு தோணியிலிருந்து காய்ச்சலோடு இறங்கியவனை இவள்தான் தாங்கி வண்டியில் ஏற்றினாள். அவனுக்குப் பெரியம்மை என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் இவளுக்கும் காய்ச்சல். பிறகு நெற்றியில் நாலைந்து முத்துகள்.

தனி வார்டில் வைத்தார்கள். டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை. "சின்னம்மையா இருக்கலாம் சார். பெரியம்மையாவும் இருக்கலாம். முன்னாலயே குத்துன உடம்புல அது சரியா முகங்காட்டாது." உள்ளங்கையில் வந்தால் பெரியம்மை என்றே சந்தேகப்பட வேண்டும் என்றும் சொன்னார். தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று, "கையக் காட்டுளா" என்பேன். காட்டுவாள். ஒன்று முத்து மாதிரித் தெரியும், மறுநாள் அதுவே வெறும் காய்ப்பு மாதிரித் தெரியும். வீட்டில் என் மனைவி முழங்காலில் நின்றபடி திரும்பிப் பார்த்து, "என்னன்னு சொல்லி ஜெபிக்க? பெருசுன்னா, சின்னதுன்னா?" என்று கேட்டாள்.

பொருக்கை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பெரியம்மைதான் என்று பதில் வந்தபோது அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் குத்தியதால்தான் இத்தோடு போயிற்று என்றார் டாக்டர். அப்படியானால் நான் சொன்னது சரியா? சரி என்றால் எப்படி வந்தது?

வீட்டுக்கு வந்த அன்று, "நாந்தாம்ளா ஒன்னையக் கெடுத்தேன்" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"எனக்குக் குத்திக்கிட்ட அன்னைக்குக் கரைச்ச மருந்து வெயில்லயே இருந்துச்சுப்பா. செத்துப் போயிருக்கும். அதே குப்பியிலதான் எல்லாத்துக்கும் குத்துனேன்." கையில் குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "எழும்பாதவங்ககிட்ட நீங்க சொன்னதத்தான் சொல்லிட்டு வந்தேன்."

அவர்களில் பாதிப் பேர் மறுபடி தோணி ஏறியிருப்பார்கள். இவளை இனி வேலைக்குப் போகாதே என்று சொல்லலாமா, போ என்று சொல்லலாமா, அதுவும் விளங்கவில்லை. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே அவள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் வயதான ஒருவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "ஏளா, குத்துற ஒனக்கே அம்மை போட்டுட்டு. இனி எந்த மொகத்தோட எங்களுக்குக் குத்த வார?"

"அன்னைக்கு ஒங்களுக்கு எழும்பலதான அண்ணாச்சி? எனக்கும் எழும்பல. அதான் மறுபடி குத்த ஓடி வாரேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்லுங்கள் சார்வாள் என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.