என் பரிசுக் கோப்பைகளில் கோழிக் குழம்பு

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்குத்தான் புதிதாக ஒன்றைப் படைக்கும் மூளையும் வாய்க்குமா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைப் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆண்டுதோறும் முதல் மாணவி. அப்போது வாங்கிய கோப்பைகள் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. மகளுக்கோ கணிதத்தில் ஆறு நிலைகளில் நடுவிலுள்ள மூன்றாம் நிலைதான். சனிக்கிழமை காலையே பக்கத்து டியூஷன் மையத்துக்குப் போய் விசாரித்தேன்.

"ஒரு இடம்தான் இருக்கு லா. மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க. சனிக்கிழமை காலை முழுக்க கிளாஸ்," என்றார் ஆசிரியை.

வீடு திரும்பினால் கூடமெல்லாம் குழம்பு வாசனை. அலமாரி காலி. கணவர் டவுனில் வாங்கி வந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து, குழம்பையெல்லாம் என் கோப்பைகளில் ஊற்றிவைத்திருந்தாள் மகள். துடைப்பக் கட்டையின் இரு பக்கமும் என் துப்பட்டாக்களால் இரண்டு கோப்பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் காலத்தில் காவடித்தண்டில் தூக்கி விற்ற நாசி கண்டார் வியாபாரி மாதிரி தோளில் சுமந்து வந்தாள்.

"அக்கா, என்ன குழம்பு வேணும்? கலந்து ஊத்தவா?"

"நான் உன் அம்மாடி."

"கடைக்கு வந்தா அக்காதான்."

கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "உன் கப்புக்கெல்லாம் இன்னைக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு," என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கோப்பை பெரியது, மற்றது சின்னது. கட்டை மட்டும் சாயவில்லை.

"எப்படிடி நேரா நிக்குது?"

"பெருச தோளுக்குக் கிட்ட கட்டினேன். முதல்ல தூரமா கட்டினப்ப சாஞ்சிருச்சு. அப்பா சட்டையில ஊத்திருச்சு."

கணவர் சட்டையைக் காட்டினார்.

அந்தப் பெரிய கோப்பை நான் அறிவியலுக்கு வாங்கியது. நெம்புகோலைப் பற்றிப் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் எடுத்தவள் நான். ஒரு கட்டையைத் தோளில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்தக் கப்ப வாங்கிட்டு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"அலமாரியில வெச்சேன்."

"அவ்வளவுதானா?" என்றவள், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. "ஏழு பேர் வர்றாங்க, ஆளுக்கு மூணு துண்டு கோழி. மொத்தம் எத்தனை துண்டு?" என்றேன்.

"அவ்வளவு பேர் வந்தா கடைய மூடிருவேன்."

டியூஷன் ஆசிரியை சொன்ன அந்த ஒரு இடம் நினைவுக்கு வந்தது.

மாதக் கடைசி நெருங்குகிறது. அவளுடைய சனிக்கிழமை காலையைக் கணக்குக்குக் கொடுப்பதா, கடைக்கே விட்டுவிடுவதா? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அறிவியல் கோப்பையில் ஏறிய கோழிக் குழம்பு வாடையைப் போக்க வழி தெரிந்தவர்களும் எழுதலாம்.