கதவில் ஒட்டிய சீட்டு

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மனசை அமைதியா வெச்சுக்குங்க. பிரஷர் இறங்கலைன்னா மறுபடியும் அட்மிட் பண்ண வேண்டியிருக்கும்."

உப்பைக் குறைத்துவிடலாம். அமைதிக்குப் பாரிவாக்கத்தில் நான் எங்கே போவது? படுத்திருப்பவனைப் போய்ப் பார்க்காவிட்டால் நம்மிடையே அது ஏழு ஜென்மப் பகை. மறுநாளே ஆப்பிள் பைகளோடு படையெடுப்பு தொடங்கிவிட்டது.

முதலில் வந்தவர் எதிர் ஃப்ளாட்காரர், ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இன்னாத்துக்கு நைனா பயப்படறே? எங்க ஃபேக்டரில ஒருத்தனுக்கு இதே மாதிரிதான் வெச்சாங்கோ. ஜோரா நடந்துகினு இருந்தான். அஞ்சாம் நாளு, பல்லு வெளக்கிகினு இருக்கசொல்லோ போய்ட்டான்."

ஆறுதல் சொன்ன களைப்பில், அவர் கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றை நறுக்கச் சொல்லி அவரே சாப்பிட்டார். அன்று எனக்கு நாலாம் நாள். அதன் பிறகு நான் வாய் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு சாவு கையிருப்பில் இருந்தது. ஒவ்வொருவர் போனதும் என் மனைவி என் கையில் பிரஷர் மிஷினின் பட்டையைச் சுற்றிப் பார்ப்பாள். எண் ஏறியே இருக்கும். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஓய்வில் இருக்கிறார், மன்னிக்கவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

யாரும் வரவில்லை. எண்ணும் இறங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே லிப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காட்டுப்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வரவில்லை. பக்கத்து ஊர்தான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டார் என்று மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. உலகப் போருக்குக்கூட இவ்வளவு நியாயமான காரணம் இருந்திருக்காது.

"கூடப் பிறந்தவருக்கு இவ்வளவு கல்நெஞ்சா?" என்றேன் மனைவியிடம்.

அவள் பட்டையைச் சுற்றியபடியே கேட்டாள். "போன வருஷம் அவருக்கு பைபாஸ் பண்ணினப்போ நீங்க போனீங்களா?"

போகவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் கும்பிடும் கை ஒன்றைப் போட்டேன். அதையே பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். இப்போது வெட்கமாக இருந்தது.

பட்டையைக் கழற்றிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். "அண்ணே" என்றேன்.

"வந்தேன்டா. கதவுல என்னமோ எழுதி ஒட்டியிருந்துச்சு, திரும்பிட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "பல்லு விளக்க மாட்டேங்கிறியாமே, உன் பொண்டாட்டி உங்க அண்ணிகிட்ட சொல்லி அழுதாளாம். போய் விளக்குடா. நான் லைன்லயே இருக்கேன்."