முதல் பக்கத்தில் இல்லாதது

மைக்செட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சர்ச்சில் மைக்கையும் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஒயரைத் தடவிப் பார்த்தே எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு பாவத்துக்காக, சர்ச் கமிட்டி வெப்சைட் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டது. இரண்டும் கரண்டில்தானே ஓடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதல் பக்கத்தில் புதுக் கோபுரம்தான் வர வேண்டும் என்றார் போதகர். திறந்ததும் பாட்டு தானாகப் பாட வேண்டும் என்றார் பாடகர் குழுத் தலைவி. பொருளாளருக்குக் கமிட்டியின் படம் வேண்டும், அதிலும் தாம் நடுவில். ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்று கீழே போயிற்று. கீழே போனவர் உடனே போன் செய்தார்.

"இது யாருக்குங்க? நமக்கா, வெளியாளுக்கா?" என்று மைக்செட்காரர் பொருளாளரிடம் கேட்டுப் பார்த்தார்.

"எல்லாருக்கும்தான்."

குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் அக்கா மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. அக்கா இப்போது மகளோடு இதே ஊருக்குக் குடிவந்திருந்தாள். "மாமா, அம்மா வர்ற ஞாயிறு உங்க சர்ச்சுக்கு வர்றாங்களாம். யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்களாம். வெப்சைட்டப் பாத்துக்கறாங்களாம்."

அக்காவும் அவரும் பேசி வருஷக்கணக்காகிறது. அம்மாவின் அடக்கம் எத்தனை மணிக்கு என்று அக்காவுக்கு யாருமே சொல்லவில்லை. தம்பி சொல்லியிருப்பார் என்று சொந்தக்காரர்கள் இருந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று இவர் இருந்துவிட்டார். அக்கா வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்று இவர் சொன்னதோடு பேச்சுவார்த்தை நின்றது.

அக்கா பார்க்கப்போகிறாள் என்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவரையும் பகைத்துக்கொள்ளாமல் கோபுரம், பாட்டு, கமிட்டி என்று எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க அவர் கண் வாசலிலேயே இருந்தது. ஸ்பீக்கர் கீச்சிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. அக்கா வரவில்லை. எல்லோரும் போன பிறகு, மனசு விட்டுப்போய் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. அக்காதான். கையில் பைபிளோடு காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா. வெப்சைட்டப் பாக்கலையா?"

"பாத்தேன். கோபுரம் இருக்கு. பாட்டு பாடுது. மீசை வச்சவங்க வரிசையா நிக்கிறாங்க. எத்தன மணிக்குன்னு எங்கடா இருக்கு? நானா ஒரு குத்துமதிப்புல வந்தேன்."

அவர் போனை எடுத்து மேலும் கீழும் தேடினார். எங்கேயும் இல்லை. திருதிருவென்று முழித்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு…"

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன." என்றாள் அக்கா.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே கோபுரத்தைக் கீழே இறக்கினார். பாட்டை நிறுத்தினார். கமிட்டியை எடுத்தே விட்டார். 'ஞாயிறு ஆராதனை, காலை எட்டரை மணி' என்று பெரிய எழுத்தில் போட்டார். பொருளாளர் எப்படித்தான் பார்த்தாரோ, உடனே போன் அடித்தது. அதைக் கட் செய்துவிட்டு போனை அக்காவிடம் நீட்டினார்.

"சரியாக்கா?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"இப்பத்தாண்டா எனக்குச் சொல்லியிருக்க" என்றாள்.